எழுதும் கைக்கு ஒரு குளிசை

மேல்பிரிவு லயம்,
லிந்துலை.
16.01.2024

அன்புள்ள மாப்பிள்ளை செல்லசாமிக்கு மச்சான் சின்னத்தம்பி எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா ராக்காயியும் இங்கே சுகம். அங்கே நீ சுகமாக இருக்கிறாயா?

மேலே உள்ளதை நானே எழுதினேன். பக்கத்தில் யாரும் இல்லை. நம்பாவிட்டால் எழுத்தைப் பார். கோழி கிளறியது மாதிரி இருக்கும். அந்தக் கோழி நான்தான்.

போன வருஷம் பக்கவாதம் வந்து என் வலது பக்கம் விழுந்தது உனக்குத் தெரியும். விரல்களைப் பலக்க ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். எழுபத்தொரு வயதில் பந்தை அமுக்கிக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஐவி டீச்சர் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். போய்க் குந்திவிட்டேன். குழந்தைகளின் நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். லயத்து வரிசை வீடுகளின் பயல்கள், “தாத்தா, ஸ்கூல் பஸ் வந்துருச்சு, பாட்டில்ல தண்ணி எடுத்தாச்சா?” என்று கத்துவார்கள். கத்தட்டும்.

ஏன் படிக்கப் போனேன் தெரியுமா? முன்பெல்லாம் எனக்கு எழுதுவதும் படிப்பதும் நீதானே. நீ ஜெயிலுக்குப் போய் முதல் கடிதம் போட்டபோது படிக்க ஆளில்லாமல் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் சத்தமாகப் படித்தான். நீ அழுததை வடை தின்ன வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். அன்றைக்கே நினைத்தேன், இனி இவன் கடிதம் என் கண்ணுக்கு மட்டும்தான் என்று.

வாய்க்கால் தகராறில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கினாய், ஐந்து வருஷம் விழுந்தது. அதை இனிப் பேச வேண்டாம். நல்லபடி இருந்தால் இந்த வருஷக் கடைசியில் விட்டுவிடுவார்கள், ஒரு அடிதடியில் பெயர் வந்தாலும் அது போய்விடும் என்று வக்கீல் சொன்னார். கையை மடக்கிக்கொண்டு இரு. கோபம் வந்தால் எனக்கு எழுது.

இதை எழுதப் பொங்கலுக்கு முன்பே தொடங்கினேன். கை இழுக்கிறது. நிறுத்துகிறேன்.

உன் பதிலைத் தானே படிக்கப்போகும்,
சின்னத்தம்பி

*

சிறைச்சாலை
19.02.2024

மதிப்புக்குரிய மச்சானுக்கு செல்லசாமி வணக்கம் சொல்லி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் உடம்புக்குக் குறையில்லை. உங்கள் கைகால் எப்படி இருக்கிறது? அக்காவின் இருமல் நின்றதா?

உங்கள் கடிதம் என் கைக்கு வர மூன்று கிழமையாகிவிட்டது. இங்கே தமிழ் தெரிந்த ஒரே ஜெயில் ஐயா படித்துப் பார்த்த பிறகுதான் தருவார்கள். அவர் சிரித்துக்கொண்டே தந்தார். “யார்யா இந்தக் கோழி?” என்று கேட்டார். என் மச்சான் என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். சம்பளத் துண்டில் பெருவிரல் வைத்த மனுசன்! ஆனாலும் மச்சான், ‘பழக்க’ என்பதற்குப் ‘பலக்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐவி டீச்சரிடம் கோள் சொல்வேன்.

இனி வருவதை அக்காவுக்குப் படிக்க வேண்டாம். எங்கள் வார்டில் இருக்கும் ஆட்களுக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். விடிந்ததும் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். பலசாலி முதலில் பிடிப்பான், மற்றவன் தள்ளுவான், கோப்பை பறக்கும். முந்தாநாள் ஒருவனுக்கு வாளியால் மண்டை உடைந்தது. றொக்சன் என்று ஒருவன் இருக்கிறான். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். கொழும்புக்குப் போய் வந்ததில் தோட்டமே தெரியாதவன் மாதிரி பேசுவான். அவனும் அவன் சேர்க்கையும்தான் குழாய்க்கு ராஜா. நான் கடைசியில் நின்று, கிடைத்தால் முகம் கழுவுகிறேன். ஒவ்வொரு நாளும் கை துடிக்கிறது மச்சான். எத்தனை நாள் மடக்கி வைப்பேன் என்று தெரியவில்லை.

மேலே சொன்னதை விட்டுவிட்டு இதை அக்காவுக்குப் படியுங்கள்: சாப்பாடு பரவாயில்லை, எல்லோரும் அண்ணன் தம்பியாகப் பழகுகிறோம்.

தங்கள் சுகத்தை நாடும்,
செல்லசாமி

*

லிந்துலை
17.03.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு ஆசிகள். நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

கடிதத்தை உன் அக்காவுக்குப் படித்தேன். மண்டை உடைந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் படித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னா, எழுத்து தொண்டைல மாட்டிக்கிச்சா?” என்றாள். பெரிய பெரிய எழுத்தாக இருக்கிறது என்று சமாளித்தேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நம் லயத்துப் பீலி உனக்கு மறந்துவிட்டதா? மலைத் தண்ணீர் விழும் அந்த ஒரு பீலியில் இத்தனை குடும்பமும் பிடிக்கிறதே, யாருக்காவது மண்டை உடைந்ததா? பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம்தான் ஆள். ஆள் இல்லாவிட்டாலும் குடத்தை யாரும் தள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, கொழுந்து பறிக்க நிரை பிரித்துக் கொடுப்போமே, நான் கங்காணியாக இருந்தபோது என்ன செய்தேன்? இன்றைக்கு நல்ல நிரை கிடைத்தவள் நாளைக்குக் கல்லும் சரிவுமான கடைசி நிரைக்குப் போவாள். எல்லோருக்கும் நல்லதும் வரும், கெட்டதும் வரும். அதனால் சண்டை இல்லை. என்னைத் திட்டுவார்கள், ஒருத்தியை ஒருத்தி அடிக்க மாட்டார்கள். உன் வார்டிலும் வாளியை வரிசையில் வை. இன்று முதலில் பிடித்தவன் நாளை கடைசி. சொல்லிப் பார். சிரித்தால் சிரிக்கட்டும்.

கை உளைச்சல் பற்றிக் கேட்டாய். எழுதினால் தோளிலிருந்து விரல் வரை இழுக்கும். இப்போது அதற்கு ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்! கிளினிக்கில் ரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள். வரிசை நீளம் என்று திரும்பி வந்துவிட்டேன். அந்த நேரத்தில் ஒரு பக்கம் எழுதிவிடலாம்.

பஸ்ஸின் பெயர்ப்பலகையை எல்லாம் படிக்கிறேன். ‘தலவாக்கலை’ நீளமான சொல். நான் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
மச்சான்

*

சிறைச்சாலை
21.04.2024

அன்பு மச்சானுக்கும் அக்காவுக்கும் புத்தாண்டு வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். இரண்டு பேருடைய உடம்பைப் பற்றியும் விவரமாக எழுதுங்கள்.

நீங்கள் சொன்னபடி முதல் நாள் என் வாளியைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். றொக்சன் அதை எடுத்துத் தன் காலைக் கழுவினான். “ஏய் தோட்டத்தான், இது என்னா ஒங்க தேயிலை மலையா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளும் வைத்தேன். மூன்றாம் நாள் வயதான சிங்களவர் ஒருவர், மண்டை உடைந்தவரின் பாய்க்குப் பக்கத்தில் படுப்பவர், தன் வாளியை என் வாளிக்குப் பின்னால் வைத்தார். பிறகு ஒன்று, பிறகு ஒன்று. இந்தக் கிழமை பாதி வார்டு வரிசையில் நிற்கிறது. நான் ‘பெரட்டு’ என்று சொல்லப்போய், சிங்களப் பையன்களும் ‘பெரட்டுவ, பெரட்டுவ’ என்கிறார்கள். என்னைக் கங்காணி என்கிறார்கள். கேட்க உங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

றொக்சன் மட்டும் வரிசைக்கு வருவதில்லை. நினைத்தபோது நடுவில் புகுந்து பிடித்துக்கொண்டு போகிறான். அவனைப் பார்த்தால்தான் கை துடிக்கிறது. இரவு உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததும் துடிப்பு அடங்கிவிடுகிறது. ஆகையால் நீளமாகவே எழுதுங்கள். எவ்வளவு நீளமோ அவ்வளவு நாளைக்குத் தாங்கும்.

அது என்ன கைவைத்தியம்? எண்ணெயா, ஒத்தடமா? நீங்கள் எழுதவில்லையே.

அடங்கியிருக்கும்,
செல்லசாமி

*

லிந்துலை
26.05.2024

அன்புள்ள மாப்பிள்ளை கங்காணிக்கு பழைய கங்காணியின் ஆசிகள். நாங்கள் சுகமே.

நீளமாக எழுது என்றாய். இதோ எழுதுகிறேன். இது நாலு பக்கம் போகும் என்று ராக்காயியிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் எங்கேயோ போகிறாள். கேட்டால், “கோயிலுக்கு. ஏன், ஒங்ககிட்ட துண்டு வாங்கணுமா?” என்கிறாள்.

இங்கே ஓயாத மழை. என் செருப்பு இரண்டும் சின்னதாகிவிட்டன. ஈரத்தில் ரப்பர் சுருங்கும் போலிருக்கிறது. வெறுங்காலோடு நடக்கிறேன். பசியும் முன்னைப் போல இல்லை. வயதானால் அப்படித்தான்.

இனி ஒரு பெரிய விஷயம். கேட்டால் நீ என்னைப் பாராட்டுவாய். கடையில் பருப்பு வடை வாங்கினேன். வடையைத் தின்றுவிட்டு எல்லோரும் காகிதத்தை எறிந்தார்கள். நான் எறியவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘பக்கவாத மருந்துகளால் சிறுநீரகத்துக்குப் பாதிப்பு ஏற்படலாம் என மருத்துவர்கள்’ என்று இருந்தது. அதற்குக் கீழே கிழிந்துவிட்டது. சிறுநீரகம் என்றால் கிட்னி என்று டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பார் மாப்பிள்ளை! நான் பெருவிரல் மனுசனாகவே இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்குமா? அன்றைக்கே அந்தப் பக்கவாதக் குளிசைகளையெல்லாம் விழுங்குவதை நிறுத்திவிட்டேன். ராக்காயிக்குத் தெரியாது. அவள் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் பின்பக்கத்து வாழையடியில் போட்டுவிடுகிறேன். படிப்பு என்றால் இதுதான் படிப்பு.

கைவைத்தியம் கைக்கு நன்றாக வேலை செய்கிறது. பேனாவைப் பிடிக்கும் முன் ஒரு தடவை, இழுத்தால் இன்னொரு தடவை.

றொக்சனை விட்டுவிடு. ஒரு வாளி முன்னால் போனால் தண்ணீர் தீர்ந்துவிடாது.

உன் நீளக் கடிதக்கார மச்சான்,
சின்னத்தம்பி

*

சிறைச்சாலை
30.06.2024

மச்சானுக்கு வணக்கம். என் சுகத்தை விடுங்கள். உங்கள் சுகம்தான் இப்போது எனக்கு வேண்டும்.

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. வந்த உடனே எழுதுகிறேன். செருப்பு சுருங்காது மச்சான். காலைப் பாருங்கள், வீங்கியிருக்கிறதா என்று. வடைக்காகிதத்தை நம்பிக் குளிசையை நிறுத்துவார்களா? கிழிந்த பாதியில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? இதைப் படித்ததும் கிளினிக்குக்குப் போங்கள். நிறுத்தியதை வாயைத் திறந்து சொல்லுங்கள். அக்காவிடமும் சொல்லுங்கள். நான் இங்கே கம்பிக்குள் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

இதை அக்காவுக்குப் படிக்க வேண்டாம்: போன செவ்வாய் றொக்சன் என்னைக் கன்னத்தில் அறைந்தான். அந்த வயதான சிங்களவரின் வாளியை அவன் தள்ளியபோது, நான் எடுத்து நேராக வைத்தேன். அதற்குத்தான். வார்டு முழுக்க என் கையையே பார்த்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். இன்னொரு தடவை முடியாது என்று நினைக்கிறேன். டிசம்பர்வரைக்கும் இருக்கிறதே, அதுதான் பயம்.

உடனே பதில் போடுங்கள். நீளம் வேண்டாம், உண்மை போதும்.

செல்லசாமி

*

லிந்துலை
22.07.2024

தம்பி செல்லசாமிக்கு அக்கா ராக்காயி எழுதுறது.

ஆமாடா, நான்தான். புத்தகத் தமிழ் எனக்கு வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். ஒன் மச்சான் மட்டும்தான் படிப்பாரா? சித்திரையிலேருந்து நானும் ஐவி டீச்சர்கிட்ட போறேன். அவரு போற நேரத்துல இல்ல, அவரு வந்ததுக்கு அப்புறம். ஒன் கடுதாசி எல்லாத்தையும் மொதல்லேருந்து எடுத்துப் படிச்சிட்டேன். மண்டை ஒடஞ்சது, கன்னத்துல வாங்குனது, எல்லாம். ‘அக்காவுக்குப் படிக்க வேண்டாம்’னு நீ எழுதுனதத்தான் மொதல்ல படிச்சேன். ரெண்டு பேரும் சேந்து என்னைய என்னா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க?

சுகம்னு நான் எழுத மாட்டேன். இங்க சுகமில்ல. மச்சானை ஆஸ்பத்திரில வச்சிருக்கு. பயப்படாத, இப்ப தேவல. காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கி, மூத்திரம் கொறஞ்சி, திங்கிறதெல்லாம் வாந்தி. ஒரு நாளு பேச்சு கொழறுச்சு. பக்கத்து லயத்து ஆளுங்க தூக்கிக்கிட்டு ஓடுனாங்க.

டாக்டரம்மா தமிழ்ல நல்லா பேசுனாங்க. “வீட்டுல இருக்க குளிசை எல்லாத்தையும் கொண்டாங்கம்மா, ஒண்ணு விடாம”ன்னாங்க. நான் தேடுனேன். அரிசி டின்னுக்குள்ள ஒரு பை. அதுல ரோஸ் கலர்ல வலிக்குளிசை. அவரோட கைவைத்தியம் அதுதான். தலவாக்கலை டவுன்ல ஒரு கடைல டாக்டர் துண்டு இல்லாம வாங்கியிருக்காரு. ஒனக்கு எழுத ஒக்காரும்போதெல்லாம் ஒண்ணு, இழுத்தா இன்னொண்ணு. நீ நீளமா எழுதச் சொன்ன. அவரு முழுங்குனாரு.

டாக்டரம்மா சொன்னாங்க, “பக்கவாதத்துக்குக் குடுத்த குளிசைல பிரஷருக்குள்ளது ஒண்ணு கிட்னியப் பாதிக்கலாம், அதனாலதான் அடிக்கடி ரத்தம் பாக்கச் சொன்னோம். அதோட இந்த வலிக்குளிசையும் சேந்தா கிட்னி தாங்காது. ஆனா தானா நிறுத்துனா மறுபடி வாதம் அடிக்கும். எதை நிறுத்தணும், எதைக் கொறைக்கணும்னு நாங்கதான் சொல்லணும்.” இவரு காப்பாத்துற குளிசைய வாழைக்குப் போட்டுட்டு, கெடுக்குற குளிசையத் தின்னிருக்காரு. காகிதத்துல வலிக்குளிசைன்னு போடலயாம். அந்த வாழை மட்டும் நல்லா இருக்கு.

இப்ப ஒரு குளிசைய மாத்திட்டாங்க, ஒண்ணைக் கொறச்சிட்டாங்க. ரோஸ் கலரை நானே டாக்டரம்மா மேசைல கொட்டிட்டு வந்துட்டேன். கிட்னி திரும்புமான்னு கேட்டேன். பாப்போம்னாங்க.

நான் கோவத்துலதான் எழுதுறேன். ஆனா ஒண்ணு. நீ யாரையும் அடிக்கக் கூடாது. இவ்வளவு முழுங்குனது ஒன் கை மடங்கி இருக்கத்தான். அதை வீணாக்கிறாத.

ஒன் அக்கா
ராக்காயி

*

லிந்துலை
28.08.2024

மாப்பிள்ளைக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். வீக்கம் இறங்குகிறது. உன் அக்கா எழுதியதை எனக்குக் காட்டவில்லை. என்ன எழுதினாள் என்று தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

அடித்துவிட்டாயா?

அடித்திருந்தாலும் எழுது. நான் திட்ட மாட்டேன்.

குளிசை இல்லாமல் இவ்வளவுதான் வருகிறது.

சின்னத்தம்பி

*

சிறைச்சாலை
15.09.2024

அன்பு மச்சானுக்கும் அக்காவுக்கும் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். இதை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். எதையும் விட வேண்டாம்.

தமிழ் தெரிந்த ஐயா லீவில் போய்விட்டார். கடிதங்கள் எல்லாம் மேசையிலேயே கிடந்தன. அக்காவின் கடிதம் எனக்கு வந்ததே இந்த மாதம் ஐந்தாம் தேதிதான். மச்சானுடையது அதற்கடுத்த கிழமை.

அக்கா எழுதியதைப் படித்த இரவு நான் படுக்கவே இல்லை. காலையில் வரிசையில் வாளியை வைத்துவிட்டு நின்றேன். றொக்சன் வந்தான். என் வாளியைக் காலால் தள்ளினான். “என்னா கங்காணி, மூஞ்சி தொங்குது? வீட்டுல யாரும் போய்ட்டாங்களா?” என்றான்.

வாளியைத் தூக்கிவிட்டேன் மச்சான். தலைக்கு மேலே. பொய் சொல்லவில்லை, அடித்திருப்பேன். அடிக்கு முன்னால் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது. “எங்க மச்சானுக்குக் கிட்னி போச்சுடா!” என்று கத்தினேன்.

அவன் ஓடவில்லை. கையையும் தூக்கவில்லை. “என்னா குளிசை குடிச்சாரு?” என்று கேட்டான்.

நான் வாளியை ஓங்கியபடியே பதில் சொல்கிறேன், “வலிக்கு. ரோஸ் கலரு.”

“வாதக் குளிசையோடயா?”

“ஆமா.”

“காலு வீங்குச்சா? மூத்திரம் போகுதா?”

“இப்ப போகுதாம்.”

“போகுதுன்னா தப்பிச்சிருவாரு. எங்கம்மாவுக்குப் போகல” என்றான். கீழே கிடந்த தன் வாளியை எடுத்தான். வரிசையின் கடைசிக்கு நடந்துபோய் அங்கே வைத்தான். நான் இன்னும் வாளியைத் தூக்கிக்கொண்டே நின்றேன். அந்த வயதான சிங்களவர்தான் என் கையிலிருந்து மெதுவாக வாங்கி இடத்தில் வைத்தார்.

பிறகுதான் தெரிந்தது. அவன் அம்மா மலையில் நின்ற கால்வலிக்கு வருஷக்கணக்காக அதே குளிசையைத் தின்றாராம். கிட்னி கிளினிக்குக்கு இவன்தான் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறான். இவன் உள்ளே வந்த பிறகு அம்மா போய்விட்டார். இவனுக்கு யாரும் எழுதுவதில்லை, பார்க்க வருவதும் இல்லை. இப்போது தினமும் காலையில், “ஒங்க மச்சானுக்கு ரத்தம் பாத்தாங்களா?” என்று கேட்கிறான். உப்பு குறைக்க வேண்டும், வாந்தி பேதி வந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தலைவலிக்குக்கூடக் கடைக்குளிசை வாங்கக் கூடாது என்று உங்களுக்கு எழுதச் சொன்னான்.

பெரட்டு இப்போது முழு வார்டுக்கும் நடக்கிறது. பெரிய ஐயா வந்து நின்று பார்த்துவிட்டு, இன்னொரு குழாய் போட்டுத் தந்திருக்கிறார். பக்கத்து வார்டிலும் வாளிகள் வரிசைக்கு வந்துவிட்டன. முன்பு காலையில் யாராவது ஒருவர் ரத்தக் கட்டோடு திரும்புவார். இப்போது தண்ணீரோடு திரும்புகிறோம். என் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

மச்சான், இனி எனக்கு நீளமாக எழுத வேண்டாம். எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் கையைவிட எனக்கு உங்கள் கிட்னி பெரிது. அக்கா, உன் எழுத்து மச்சான் எழுத்தைவிட அழகு. அவர் கோபித்துக்கொண்டாலும் உண்மை அதுதான்.

அடிக்காத,
செல்லசாமி

*

லிந்துலை
20.10.2024 முதல்

அன்புள்ள மாப்பிள்ளை செல்லசாமிக்கு ஆசிகள். இப்போது உண்மையாகவே சுகம். உன் அக்கா பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லை எழுத விட்டாள்.

எழுத வேண்டாம் என்றாய். அது முடியாது. ஆனால் புது வழி கண்டுபிடித்திருக்கிறேன். தினமும் கொஞ்சம் எழுதுவேன். கை இழுக்கத் தொடங்கியதும் வரியின் நடுவில் இருந்தாலும் பேனாவை மூடிவிடுவேன். இன்றைக்கு இவ்வளவு

தான். இது மறுநாள். கிளினிக்குக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, “தாத்தா, கிட்னி முழுசாத் திரும்பல. ஆனா பாதிக்கு மேல திரும்பியிருக்கு. இனி ஒங்க கையிலதான் இருக்கு” என்றார். என் கையைத்தான் எனக்குத் தெரியுமே, இழுக்கிற கை என்றேன். சிரித்துவிட்டார்.

உன் அக்கா எழுத்து அழகு என்று எழுதினாயே, அதிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. குளிசைப் பெட்டியின் மேல் அவளே ‘காலை’, ‘இரவு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் ஒவ்வொன்றையும் விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். வாழையடியில் ஒரு கோழிக்கூடும் வைத்துவிட்டாள். இனி அங்கே எதைப் போட்டாலும்

கோழி தின்னும், முட்டையில் தெரியும் என்று மிரட்டுகிறாள்.

தீபாவளி போய்விட்டது. உனக்குப் பலகாரம் அனுப்ப வழியில்லை. தேத்தண்ணிக் கடையில் இப்போதெல்லாம் என்னிடம்தான் கடிதம் படிக்கக் கொண்டுவருகிறார்கள். நான் சத்தமாகப் படிப்பதில்லை. ஆளை மூலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காதோடு படிக்கிறேன்.

மழை. கை மிகவும் இழுத்தது. நேற்றும் முந்தாநாளும் எழுதவில்லை. கடைக்குப் போனபோது அந்த ரோஸ் நிறம் கண்ணில் பட்டது. வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். அவள் வெந்நீரில் துணியை நனைத்து வந்து தோளில் வைத்தாள்.

இன்றைக்குத் தேதி டிசம்பர் எட்டு. இந்தக் கடிதம் இன்னும் முடியவில்லை. மாப்பிள்ளை, நீ வந்துவிட்டாய்! நேற்றுப் பின்னேர பஸ்ஸில், ஒரு பையோடு. உன் அக்கா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பிறகு முதுகில் ஒரு அடியும் போட்டாள். இப்போது நீ எனக்கு எதிரே உட்கார்ந்து பாணும் சம்பலும் தின்கிறாய். “நான்தான் வந்துட்டேனே, யாருக்கு மச்சான் எழுதுறீங்க?” என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. இவ்வளவு எழுதிவிட்டு இதை என்ன செய்வது?

யோசித்தேன். மேலே உன் பெயரை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டேன்.

தம்பி றொக்சன், இது இனி உனக்கு. செல்லசாமி படிக்க வேண்டியதை நீ படித்துக்கொண்டு வந்திருக்கிறாய். மேலே மாப்பிள்ளை என்று வரும் இடமெல்லாம் உன்னைத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள். எனக்கு மூத்திரம் நன்றாகப் போகிறது. உப்பு குறைத்துவிட்டேன். பெரட்டை இனி நீதான் பார்த்துக்கொள்கிறாய் என்று இவன் சொன்னான். இன்று முதல் ஆளாகப் பிடித்திருந்தால், நாளைக்குக் கடைசி. மறந்துவிடாதே.

எனக்கு எழுது. உன் அம்மாவின் பெயர் என்ன என்று எழுது. என் பதில் வரத் தாமதமாகும். கோபப்படாதே. எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று

அர்த்தம்.

இப்படிக்கு, இன்றைக்குக் கை இழுக்காத,
சின்னத்தம்பி மாமா